நில்லாத நீர்ப்பம்பி: வீட்டில் அமைத்த ரைமரின் பழுதறிதல்

கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை போன்ற நெருக்கமான பகுதிகளில் மொட்டைமாடியிற் சாடிகள் வைத்து மிளகாய், கத்தரி, கீரை வளர்ப்போருக்கு, 12 வோல்ற்றுச் சிறு பம்பியைக் குறித்த நேரம் இயக்கி நிறுத்தும் ரைமர் பெரிதும் பயன்படும். இதற்கு வேண்டிய பாகங்கள் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருக் கடைகளிற் கிடைக்கும். காணியில் நாற்றுமேடைக்கு நீர் விடும் கமக்காரருக்கும் இச்சுற்று ஏற்றதே. நெல்வயலுக்கோ நேரமன்று, நீர்மட்டமே அளவு. அங்கு இது வேண்டியதில்லை.

சுற்றின் உயிர்நாடி 555 என்னும் ஐ.சி. ஆகும். ஹான்ஸ் கமன்சின்ட் என்பவர் 1971 இல் இதனை வடிவமைத்தார். 1972 இல் விற்பனைக்கு வந்தது. தொடக்கப் பொத்தானை அழுத்தியதும் பம்பி ஓடத் தொடங்கும். தடையி வழியாகக் கொள்ளளவியில் மின் நிரம்பும். அதன் அழுத்தம் வழங்கலின் மூன்றில் இரண்டு பங்கை, அதாவது 8 வோல்ற்றை, எட்டியதும் பம்பி நிற்கும். 1 மெகாஓம் தடையியும் 470 மைக்ரோபரட் கொள்ளளவியும் இட்டால், 1.1 ஆற் பெருக்க 517 செக்கன், ஏறக்குறைய எட்டரை நிமிடம் வரும்.

பம்பி தொடங்காவிடின் 4 ஆம் கால் நேர்முனையோடு இணைந்துள்ளதா எனப் பார்க்க. நில்லாமையே பெருங்கேடு. நாற்றுமேடை நீரில் ஊறி நாற்றழுகல் பற்றும். தொட்டி வற்றிய பின் பம்பி வெறுமனே ஓடிக் கெடும்.

முதலில் 2 ஆம் காலை அளக்க. அது 4 வோல்ற்றுக்குக் கீழேயே கிடந்தால் பொத்தான் ஒட்டிக்கொண்டது எனலாம். அக்காலிலிருந்து நேர்முனைக்கு 10 கிலோஓம் தடையி உண்டா என்பதையும் நோக்குக. அது சரியெனின் கொள்ளளவியை அளக்க. 5 அல்லது 6 வோல்ற்று வரை ஏறி அங்கேயே நின்றுவிடின், கொள்ளளவி கசிகின்றது. 8 வோல்ற்றை நெருங்கும்போது 1 மெகாஓம் தடையி வழியே வருவது 4 மைக்ரோஅம்பியர் மட்டுமே. கசிவு அதனை விஞ்சினால் அழுத்தம் மேலேறாது. பழைய வானொலியிற் கழற்றியதும் நெடுங்காலம் கிடந்ததுமான கொள்ளளவிகளில் இக்குறை மிகுதி. புதியது இடுக.

இவ்வளவைக்கு முள் மீற்றர் உதவாது. அதன் வழியே ஓடும் மின்னே கொள்ளளவியை நிரம்பவிடாது தடுக்கும். நல்ல சுற்றும் பழுதாகத் தோன்றும். இலக்க மீற்றரே தக்கது.

கடலோர வெள்ளவத்தையில் மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று ஈரமும் உப்பும் கொணரும். ஈயப்பற்று வைத்தபின் பலகையிற் படிந்த பசை அவ்வீரத்தை ஏற்று, புதிய கொள்ளளவியையும் கசிவதுபோற் காட்டும். அற்ககோலும் தூரிகையும் கொண்டு துடைத்து, நன்கு உலர்த்தி, மூடியுள்ள பெட்டியில் வைக்க.

நேரம் ஒருநாள் போல் ஒருநாள் இல்லையெனின் றிலேயைச் சந்தேகிக்க. அதன் சுருளுக்குக் குறுக்கே 1N4007 இருவாயியை, வெள்ளைக் கோடு நேர்முனையை நோக்க, இணைத்தல் வேண்டும். மின்வழங்கலுக்குக் குறுக்கே 100 மைக்ரோபரட் கொள்ளளவியும் இடுக.

அரைமணி, ஒருமணி என நீண்ட நேரம் வேண்டுவோர் 555 ஐ விடுத்து, எண்ணிக் கணிக்கும் 4060 ஐ.சி.யைக் கொள்க. 230 வோல்ற்று மோட்டரை இச்சிறு றிலேயோடு நேரே பிணைத்தலாகாது. இடையில் தக்க கொன்ராக்டரை மின்வினைஞர் ஒருவரைக் கொண்டே பொருத்துக.