உயிர் மீண்டால் மட்டும் போதுமா?

அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் அனுமதிக்கப்படும் குழந்தையின் உயிரைக் காப்பதே முதற்கடமை என்பதில் இருவேறு கருத்துக்களுக்கு இடமில்லை. ஆனால், உயிர்தப்பிய குழந்தை எழுந்து நிற்கவும் இயலாது தவிக்குமாயின், அச்சிகிச்சை பாதி வழியில் நின்றதாகவே கொள்ளவேண்டும்.

பட்டினி கிடப்பவரின் உடல் சில நாட்களில் கொழுப்பை எரித்துத் தசையைப் பாதுகாக்கப் பழகிக்கொள்கின்றது. கடும் நோய்த்தொற்று, தீக்காயம், பாரிய சத்திரசிகிச்சை ஆகியவற்றின்போது நிலைமை வேறு. காயத்தை ஆற்றவும் நோயை எதிர்க்கவும் தேவையான அமினோ அமிலங்களை உடல் தன் தசையை உடைத்தே பெறுகின்றது. சிறாருக்குத் தசைச் சேமிப்பு குறைவு. அவர்களது வளர்ச்சிக்கும் புரதம் வேண்டும். மூச்சுக்கு உதவும் உதரவிதானமும் தசையே என்பதால், அது நலிவுற்றால் செயற்கைச் சுவாசத்திலிருந்து விடுவிப்பதும் தாமதமாகும்.

‘சேலைன் ஏறுகின்றதே, அது உணவுதானே’ என்ற எண்ணம் மக்களிடையே பரவலாக உண்டு. 5 சதவீத குளுக்கோஸ் கலந்த 500 மில்லிலீற்றர் திரவத்தில் இருப்பது 25 கிராம் குளுக்கோஸ் மட்டுமே. அது 100 கலோரியைத் தானும் எட்டாது. புரதமோ அறவே இல்லை. நோயுற்ற குழந்தைக்கு நாளொன்றுக்குக் கிலோவொன்றுக்கு ஆகக்குறைந்தது 1.5 கிராம் புரதம் தேவை என 2017ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டல் கூறுகின்றது. 10 கிலோ நிறையுள்ள குழந்தைக்கு இது 15 கிராம். ஏறத்தாழ இரண்டரை முட்டைகளிலுள்ள அளவு. இயலுமாயின் முதல் 24 முதல் 48 மணித்தியாலங்களுக்குள் குழாய் மூலம் இரைப்பைக்கு உணவூட்டத் தொடங்க வேண்டும் என்பதும் அதன் பரிந்துரையாகும்.

அதற்காக, அதிகம் கொடுப்பதே நன்று என முடிவுசெய்துவிடலாகாது. பெல்ஜியம், நெதர்லாந்து, கனடா ஆகிய நாடுகளில் 1,440 சிறாரிடம் நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஆய்வு இதனைத் தெளிவாக்கியது. நாளம் வழியான ஊட்டத்தை உடனே பெற்றவர்களில் 18.5 சதவீதமானோருக்குப் புதிய தொற்று ஏற்பட்டது. எட்டாம் நாள் வரை அது பிற்போடப்பட்டவர்களில் 10.7 சதவீதமானோரே பாதிக்கப்பட்டனர். நோயின் உக்கிரம் தணியுமுன் ஊட்டத்தைத் திணிப்பதால் தசைச்சிதைவு நின்றுவிடுவதில்லை. உணவுக் கால்வாய் வழியாகப் படிப்படியாகக் கூட்டுவதே உகந்தது.

புரதம் மாத்திரம் தசையைக் காத்துவிடாது, அசைவும் வேண்டும். வைத்தியர் அனுமதித்ததும் கைகால்களை அசைக்கச் செய்யும் இயன்மருத்துவம் உணவுக்கு இணையான சிகிச்சையாகும்.

பெற்றோர் செய்யக்கூடியவையும் உண்டு. நோய்க்கு முன்னிருந்த நிறையை வைத்தியரிடம் கூறலாம். தாய்மார் பாலைக் கறந்து கொடுக்க முடியுமா எனக் கேட்கலாம். ஆனால், அனுமதியின்றி வாய்வழியே எதனையும் ஊட்டுதல் ஆபத்தானது. மருந்துக்குக் கணக்கு வைக்கும் வைத்தியசாலைகள் உணவுக்கும் அதே கண்டிப்புடன் கணக்கு வைத்தல் அவசியமாகும்.