பேக்ஹேண்டுக்கு எடை குறைந்த ரப்பர்: பார்த்து வாங்குவது எப்படி?

டேபிள் டென்னிஸ் ஆடும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் அடிக்கடி கேட்கும் ஒரு பேச்சு உண்டு: "ஃபோர்ஹேண்ட் நல்லா வருது வாப்பா, பேக்ஹேண்ட்தான் லேட் ஆகுது." பயிற்சியாளரைக் கேட்டால், இன்னும் பயிற்சி வேண்டும் என்பார். பெரும்பாலும் அதுதான் உண்மை. ஆனால் சில பிள்ளைகளுக்குக் குறை கையில் இல்லை, பேட்டில் இருக்கிறது. அதுவும் பேட்டின் ஒரு பக்கத்தில்.

இது எப்படி நேர்கிறது என்று பார்ப்போம். பிள்ளை கடையில் ஒட்டியே விற்கும் சாதாரண பேட்டில் ஓரிரு வருடம் ஆடுகிறான். மாவட்டப் போட்டிக்குப் போகும் அளவுக்கு வந்ததும், நல்ல பேட் வேண்டும் என்கிறான். சஃபரில் இருக்கும் மாமாவோ சாச்சாவோ ஊருக்கு வரும்போது கார்பன் பிளேடு ஒன்றும், விலை உயர்ந்த ரப்பர் இரண்டும் வாங்கி வருகிறார். இரண்டு பக்கமும் ஒரே ரப்பர், இரண்டும் 'மேக்ஸ்' கனம். விலை கூடியது என்பதால் நல்லதாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் நம்புகிறோம். ஒட்டி முடித்த பேட்டை யாரும் தராசில் வைத்துப் பார்ப்பதில்லை.

வைத்துப் பார்த்தால் என்ன வரும்? பிளேடு 90 கிராம். வெட்டி ஒட்டிய ரப்பர் ஒவ்வொன்றும் 49 கிராம் என்றால் இரண்டும் 98. பசையும் ஓரத்து டேப்பும் ஆறேழு கிராம். மொத்தம் 195 கிராமை நெருங்கிவிடும். நன்றாகப் பயிற்சி எடுத்த பெரியவர்களே 180, 190 கிராமுக்குள் நிறுத்திக்கொள்ளப் பார்க்கும்போது, பன்னிரண்டு வயதுப் பிள்ளை 195 கிராமைச் சுழற்றுகிறான். முதல் கேமில் தெரியாது. நான்காவது கேமில் பந்து நெஞ்சுக்கு நேராக வரும்போது பேட் அரைக்கணம் தாமதமாக வந்து சேரும்.

அந்தத் தாமதம் ஃபோர்ஹேண்டில் ஏன் அவ்வளவாகத் தெரிவதில்லை? ஃபோர்ஹேண்ட் அடிக்க உடம்பு முழுவதும் உதவிக்கு வருகிறது. கால், இடுப்பு, தோள் எல்லாம் சேர்ந்து திரும்புகின்றன, கையை வீசப் பக்கவாட்டில் இடமும் இருக்கிறது. பேக்ஹேண்டுக்கு அந்த வசதி இல்லை. நெஞ்சுக்கு முன்னால் சிறிய இடத்தில், முழங்கையைக் கீல் போல வைத்து, முன்கையும் மணிக்கட்டும்தான் வேலை செய்ய வேண்டும். மேசையின் நீளம் 2.74 மீட்டர். வேகமாக அடித்து ஆடும்போது பந்து எதிர்ப்பக்கத்திலிருந்து வந்து சேர அரை நொடிகூட ஆவதில்லை. மணிக்கட்டை மட்டும் சுழற்றி, மேசைக்கு மேலேயே பந்தை எடுக்கும் 'ஃபிளிக்' அடியில் ஒவ்வொரு கிராமும் கணக்குக் கேட்கும்.

இன்னொன்றும் உண்டு. எடை எவ்வளவு என்பதைப் போலவே, அது எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். ஒரு நீளமான அகப்பையைக் காம்பின் நுனியில் பிடித்து, அதில் கொஞ்சம் பருப்பை அள்ளி இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள். பிறகு காம்பை நடுவில் பிடித்து ஆட்டுங்கள். பருப்பு அதேதான், கைக்குத் தெரியும் சிரமம் வேறு. சுழலும் பொருளில், பிடிக்கும் இடத்திலிருந்து எடை இருக்கும் தூரம் இரண்டு மடங்கானால் அதைத் திருப்பும் சிரமம் நான்கு மடங்காகிறது. ரப்பர் முழுவதும் பேட்டின் தலைப் பக்கத்தில் இருப்பது. ஆகவே ரப்பரில் 6 கிராம் குறைவது, கைப்பிடியில் 6 கிராம் குறைவதைவிடப் பல மடங்கு உணரப்படும். டேபிள் டென்னிஸ் பந்து ஒன்றின் எடை 2.7 கிராம். பேட்டின் தலையில் ஒட்டியிருக்கும் இரண்டு பந்துகளை எடுத்துவிட்டது போல என்று வைத்துக்கொள்ளலாம்.

எடை எங்கிருந்து வருகிறது

ரப்பர் என்று நாம் சொல்வது இரண்டு அடுக்கு. மேலே பந்து படும் ரப்பர் தாள், அதன் அடியில் ஸ்பாஞ்ச். மேல்தாள் எவ்வளவு தடிமனோ அவ்வளவு எடை. ஸ்பாஞ்ச் கடினமாக இருந்தால் பெரும்பாலும் அதில் காற்றறை குறைவு, பொருள் அதிகம், அதனால் எடையும் அதிகம். ஒட்டும் தன்மையுள்ள மேல்தாளும் கடினமான ஸ்பாஞ்சும் சேர்ந்த சீன ரப்பர்கள், உதாரணமாக டிஹெச்எஸ் ஹரிகேன் 3, வெட்டிய பிறகும் 50 கிராமைத் தாண்டுவது சாதாரணம். மென்மையான, நடுத்தரமான ஸ்பாஞ்ச் உள்ள ஜெர்மன், ஜப்பான் வகைகள் 42 முதல் 46 கிராமுக்குள் அடங்கும்.

பலர் எடையைக் குறைக்க முதலில் நினைப்பது கனத்தைக் குறைப்பதை. 2.1 மில்லிமீட்டருக்குப் பதில் 1.9 வாங்கினால் போதாதா என்கிறார்கள். கணக்குப் போட்டால், 0.2 மில்லிமீட்டர் ஸ்பாஞ்ச் குறைவதில் மிச்சமாவது ஒன்றிரண்டு கிராம்தான். அதே கனத்தில் கடின ஸ்பாஞ்சிலிருந்து மென்மையான ஸ்பாஞ்சுக்கு மாறினால் நான்கைந்து கிராம்கூடக் குறையும். வளரும் பிள்ளைகளுக்கு 1.8, 1.9 கனம் நல்லதுதான். ஆனால் அதன் காரணம் பந்தின் மீது கிடைக்கும் கட்டுப்பாடு. எடை குறைவதற்காக அதை நம்பி வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும்.

மென்மையை எப்படித் தெரிந்துகொள்வது? இங்கேதான் குழப்பம். உறையில் போட்டிருக்கும் எண்கள் எல்லா நிறுவனத்துக்கும் ஒரே அளவுகோல் அல்ல. ஜெர்மன் கணக்கில் 42 என்றால் மென்மைப் பக்கம், 47 என்றால் நடுத்தரத்துக்கு மேல். எக்ஸியோம் வேகா யூரோப் 42.5, வேகா புரோ 47.5 என்பது இந்தக் கணக்கு. ஆண்ட்ரோ ரசான்டர் வரிசையில் ஆர்42, ஆர்47 என்று பெயரிலேயே எண் இருக்கும். பட்டர்ஃபிளை நிறுவனம் வேறு அளவுகோல் வைத்திருக்கிறது. அதன் டெனர்ஜி 05 ரப்பருக்கு 36 என்று போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து, வேகா யூரோப்பைவிட மென்மை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஜெர்மன் கணக்கில் அது 47க்குப் பக்கத்தில் வரும். சீன ரப்பரின் 39, 40 என்பது மூன்றாவது கணக்கு, அது இவை இரண்டையும்விடக் கடினம். எனவே எண்களை ஒரே நிறுவனத்துக்குள் மட்டும் ஒப்பிடுங்கள். டெனர்ஜி 05க்குப் பதில் டெனர்ஜி 05 எஃப்எக்ஸ், டிபார் எவல்யூஷன் எம்எக்ஸ்-பிக்குப் பதில் எஃப்எக்ஸ்-பி, டோனிக் புளூஃபயர் எம்1க்குப் பதில் எம்3 என்று ஒவ்வொரு குடும்பத்திலும் மென்மையான தம்பி ஒருவர் இருப்பார். பேக்ஹேண்டுக்கு நாம் தேட வேண்டியது பெரும்பாலும் அந்தத் தம்பியைத்தான்.

பழைய ரப்பர்களையும் மறந்துவிட வேண்டாம். யசாகா மார்க் வி 1969லும் பட்டர்ஃபிளை ஸ்ரைவர் 1967லும் வந்தவை. நம்மில் நாற்பது, ஐம்பது வயதைத் தாண்டிய ஆட்டக்காரர்களுக்கு இந்தப் பெயர்கள் பழக்கம். இன்றைய கனமான ரப்பர்களைவிட இவை இலேசானவை, விலையும் குறைவு. இவற்றில் தானாக வரும் வேகம் குறைவுதான். ஆனால் பேக்ஹேண்ட் அடியை இனிமேல்தான் ஒழுங்காகக் கற்கப்போகும் பிள்ளைக்கு அது குறையாகாது என்பது நம் கருத்து.

இரண்டு பக்கமும் ஒரே ரப்பர்தான் போட வேண்டும் என்ற விதி எங்கும் இல்லை. 2012 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற சீனாவின் ஜாங் ஜிகே, ஃபோர்ஹேண்டில் கனமான ஹரிகேனும் பேக்ஹேண்டில் டெனர்ஜியும் வைத்து ஆடியவர். உலகின் வலிமையான கைகளே இரண்டு பக்கத்துக்கும் வேறு வேறு ரப்பர் தேடும்போது, பள்ளிப் பிள்ளையின் கைக்கு நாம் கூச்சப்படத் தேவையில்லை.

இழப்பும் உண்டு

மென்மையான, இலேசான ரப்பர் எல்லாவற்றையும் தந்துவிடாது. மெல்லிய மெத்தையில் மெதுவாக உட்கார்ந்தால் சுகம், தொப்பென்று விழுந்தால் தரை இடிக்கும். மென்மையான ஸ்பாஞ்சும் அப்படித்தான். நிதானமான அடியில் பந்தை நன்றாகப் பிடித்துச் சுழற்சி தரும். முழு வலுவில் அறைந்தால் பந்து ஸ்பாஞ்சைத் தாண்டி மரத்தில் முட்டும், அதற்கு மேல் வேகம் கூடாது. பேக்ஹேண்டில் முழு வலுவில் அறைவது குறைவு என்பதால் இந்த இழப்பைப் பலரால் தாங்க முடியும். மேசையிலிருந்து இரண்டடி பின்னால் நின்று பேக்ஹேண்டிலும் ஓங்கி அடிக்கும் இளைஞருக்குத் தாங்காது. அவர் நடுத்தர ஸ்பாஞ்சிலேயே எடை குறைந்த ஒன்றைத் தேடுவது நல்லது.

மாற்றியதும் முதல் சில நாட்கள் பிளாக் செய்யும் பந்துகள் மேசையைத் தாண்டிப் போகும், சர்வீஸை எடுக்கும்போது பந்து எழும்பும். பேட்டை இன்னும் சற்று மூடிப் பிடித்தால் சரியாகும். இரண்டு வாரம் பொறுக்காமல், இந்த ரப்பர் சரியில்லை என்று அடுத்ததற்குத் தாவுவதுதான் உண்மையான பண விரயம்.

பிம்பிள் ரப்பர் இன்னும் இலேசாயிற்றே, அதைப் போடலாமா என்றும் கேட்கிறார்கள். இலேசுதான். ஸ்பாஞ்சே இல்லாத நீளப் பிம்பிள் ரப்பர் சாதாரண ரப்பரின் எடையில் ஏறத்தாழப் பாதிதான் வரும். நம் நாட்டின் மணிகா பத்ரா பேக்ஹேண்டில் நீளப் பிம்பிள் வைத்து ஆடித்தான் பெரிய வீராங்கனைகளைத் திணறடித்தார். ஆனால் அது ஆட்டத்தின் முறையையே மாற்றும் முடிவு. அதைப் பயிற்சியாளர் எடுக்க வேண்டும், தராசு எடுக்கக் கூடாது.

வாங்கும் முன் செய்ய வேண்டியது

முதல் வேலை, இப்போதுள்ள பேட்டை எடை போடுவது. கேக் செய்ய வாங்கிய சிறிய டிஜிட்டல் தராசு வீட்டில் இருந்தால் போதும், இல்லாவிட்டால் தெரிந்த நகைக்கடையில் கேளுங்கள். பத்து முதல் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு 170 கிராமுக்குள்ளும், பதினைந்தைத் தாண்டியவர்களுக்கு 180ஐ ஒட்டியும் இருப்பது நல்லது என்பது நாம் வைத்துக்கொள்ளும் கணக்கு. பிள்ளையின் உடல்வாகைப் பொறுத்துக் கூடலாம், குறையலாம். எடை 195 இருந்து பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது என்றால் ஒரு ரப்பரை மாற்றி 189க்குக் கொண்டுவருவது போதாது. அங்கே பிளேடையே மாற்ற வேண்டும். 80 கிராமை ஒட்டிய ஐந்தடுக்கு மர பிளேடு, விலையிலும் கார்பனைவிடக் குறைவு. முழங்கையிலோ மணிக்கட்டிலோ வலி என்று பிள்ளை சொன்னால் ரப்பர் அதற்கு மருந்தல்ல. ஆட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள்.

கடைக்காரரோ இணையக் கடையோ சொல்லும் எடை வெட்டாத தாளின் எடையாக இருக்கலாம். பேட் அளவுக்கு வெட்டிய பின் ஏறத்தாழப் பத்தில் ஏழு பங்குதான் மிஞ்சும். வெட்டாத தாள் 62 கிராம் என்றால் ஒட்டும்போது 43, 44 கிராம் என்று எதிர்பார்க்கலாம். ஒரே பெயர், ஒரே கனம் என்றாலும் தாளுக்குத் தாள் இரண்டு மூன்று கிராம் வித்தியாசம் இருக்கும். அதனால் கடையில் இரண்டு மூன்று உறைகளை எடை போட்டு, குறைந்ததைக் கேட்டு வாங்குங்கள். பழக்கமான கடைக்காரர் மறுக்க மாட்டார்.

செலவு செய்யும் முன் சோதித்துப் பார்க்கவும் வழி இருக்கிறது. வேதிக் கரைப்பான் கலந்த பசை 2008ல் தடை செய்யப்பட்ட பிறகு எல்லோரும் தண்ணீர்ப் பசைதான் பயன்படுத்துகிறோம். அதில் ஒட்டியதைச் சேதமில்லாமல் உரித்துவிடலாம். உடன் ஆடுபவர் கழற்றி வைத்த இலேசான ரப்பர் ஒன்று கிடைத்தால், அதை பேக்ஹேண்டில் ஒட்டி ஒரு வாரம் ஆடவிடுங்கள். தேய்ந்த ரப்பரில் சுழற்சி குறைவாக இருக்கும், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். கை நேரத்துக்கு வருகிறதா என்பதை மட்டும் பாருங்கள். வரவில்லை என்றால் பயிற்சியாளர் சொன்னதுதான் சரி. பணம் மிச்சம்.

ஒட்டும்போது பசையை இரண்டு மூன்று தடவை தடித்துப் பூசினால், குறைத்த எடையில் பாதி திரும்பி வந்துவிடும். மெல்லியதாக ஒரு பூச்சு, நன்றாகக் காய்ந்த பின் ஒட்டினால் போதும். வேகம் கூட்ட ஸ்பாஞ்சில் எண்ணெய் போன்ற 'பூஸ்டர்' தடவும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது விதிக்கு மாறானது, எடையையும் கூட்டும்.

போட்டிக்குப் போகும் பிள்ளை என்றால், ரப்பரில் ஐடிடிஎஃப் அனுமதி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அது கைப்பிடிப் பக்கம் தெரியும்படி ஒட்ட வேண்டும். பசையோடு சேர்த்து ஒரு பக்கத்தின் கனம் 4 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. நிறத்தையும் ஆர்டர் கொடுக்கும் முன்பே பார்த்துவிடுங்கள். ஒரு பக்கம் கறுப்பு கட்டாயம், மறுபக்கம் சிவப்பு அல்லது 2021 முதல் அனுமதிக்கப்பட்ட இளஞ்சிவப்பு, ஊதா, பச்சை, நீலம். ஃபோர்ஹேண்டில் கறுப்பு இருக்க, பேக்ஹேண்டுக்கும் கறுப்பு வாங்கி வந்துவிட்டால் நடுவர் பேட்டை ஏற்க மாட்டார். கழற்றிய கனமான ரப்பரைத் தூசி படாமல் பிளாஸ்டிக் தாள் ஒட்டி எடுத்து வையுங்கள். ஃபோர்ஹேண்ட் ரப்பர் தேய்ந்து போகும் நாளில், நிறம் ஒத்துவந்தால், அதை அந்தப் பக்கம் போட்டுக்கொள்ளலாம்.