ஒரே முகூர்த்தம், மூன்று மண்டபம்: ஈவன்ட் பிளானிங்கில் ஆட்களைத் தயார் செய்வது எப்படி?

வைகாசி மாதத்து வளர்பிறை முகூர்த்தம். முந்தைய நாள் மாலை. ஒரு ஈவன்ட் பிளானருக்குச் சென்னையில் ஒரே நேரத்தில் மூன்று ரிசப்ஷன். தாம்பரத்தில் ஒன்று, வடபழனியில் ஒன்று, திருவொற்றியூரில் ஒன்று. அவர் நிற்பது வடபழனியில். மணி 6.40. போன் அடிக்கிறது.

"அக்கா, ஜெனரேட்டர்காரர் போனையே எடுக்க மாட்டேங்கிறார். என்ன பண்றது?"

பேசுவது தாம்பரம் மண்டபத்தில் நிற்கும் 23 வயதுப் பையன். வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகிறது.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் படித்தால், இதேபோல் தங்களுக்கு வந்த ஒரு போன் கால் நினைவுக்கு வரும். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அந்தப் பையனுக்குத் தெரியுமா, தெரியாதா? அந்த நிறுவனம் வருடத்துக்குப் பத்து கல்யாணத்தோடு நிற்குமா, நாற்பதுக்குப் போகுமா என்பதை அந்தப் பதில்தான் தீர்மானிக்கிறது.

வாடிக்கையாளர் எதற்குப் பணம் கொடுக்கிறார்?

2010இல் வெளியான 'பேண்ட் பாஜா பாராத்' இந்திப் படம், டெல்லியில் கல்யாண பிளானிங் கம்பெனி தொடங்கும் இரண்டு இளைஞர்களின் கதை. இப்போது இன்ஸ்டாகிராமும் சேர்ந்துகொண்டதால், வித்தியாசமான மேடை, பூ அலங்காரம், தீம் கலர், டிரோன் ஷாட் இவைதான் இந்தத் தொழில் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது.

ஐடியா முக்கியம்தான். ஆர்டர் கிடைப்பது அதனால்தான். ஆனால் அடுத்த ஆர்டர் கிடைப்பது வேறொன்றால். பெண்ணின் பெரியப்பா பந்தியில் இடம் கிடைக்காமல் அரை மணி நேரம் நின்றிருந்தால், மேடை எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தக் குடும்பத்தில் அடுத்த பத்து வருடத்துக்கு அதுதான் பேச்சு.

ஒரு எளிய கணக்கு பார்ப்போம். ரிசப்ஷனுக்கு 900 பேர் வருகிறார்கள். டைனிங் ஹாலில் ஒரே நேரத்தில் 200 பேர் உட்காரலாம். அப்படியென்றால் ஐந்து பந்தி. இலை போட்டு, பரிமாறி, சாப்பிட்டு, இலை எடுத்து, மேசை துடைக்க ஒரு பந்திக்கு 35 நிமிடம் என்று வைத்தால் மொத்தம் 175 நிமிடம். கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். முதல் பந்தி 7.30க்குத் தொடங்கினால் கடைசி இலை எடுக்கும்போது மணி 10.25. இந்தக் கணக்கை இரண்டு மாதம் முன்பே போட்டவர், முதல் பந்தியை 6.45க்குத் தொடங்கச் சொல்வார் அல்லது பக்கத்தில் பஃபே கவுன்டர் போடுவார். போடாதவர் அன்றைக்கு வியர்த்து நிற்பார்.

பிளானர் விற்பது இந்த முன்யோசனையைத்தான்.

ஏன் பல நிறுவனங்கள் வளர்வதே இல்லை?

மற்ற தொழில்களில் ஆர்டரை வாரம் முழுக்கப் பிரித்துக்கொள்ளலாம். இங்கே பஞ்சாங்கம் விடாது. ஆடி, மார்கழியில் கல்யாணம் கிடையாது. புரட்டாசியையும் பெரும்பாலானோர் தவிர்க்கிறார்கள். மீதி மாதங்களிலும் எல்லோரும் கேட்பது வளர்பிறை முகூர்த்தத்தை, அதுவும் லீவு நாளில் வந்தால் இன்னும் நல்லது என்று. விளைவு, ஒரே நாளில் ஊர் முழுக்கக் கல்யாணம். கோயம்பேட்டில் பூ விலை ஏறும், கேமராமேன் கிடைக்க மாட்டார், மேளம் கிடைக்காது.

பிளானருக்கும் அதே சிக்கல். அவர் ஒருவர்தான். மண்டப மேனேஜரின் நம்பர், எந்தச் சமையல் மாஸ்டர் தாமதமாக வருவார், எந்த டெக்கரேட்டரிடம் இரண்டு முறை கேட்க வேண்டும் என்பதெல்லாம் அவர் தலைக்குள் மட்டும் இருந்தால், ஒரு முகூர்த்தத்துக்கு ஒரு கல்யாணம்தான் எடுக்க முடியும். தலைக்குள் இருப்பதை இன்னொருவர் கைக்கு மாற்றுவதற்குப் பெயர்தான் பயிற்சி. அது ஓய்வாக இருக்கும்போது செய்யும் கூடுதல் வேலை இல்லை. தொழிலே அதுதான்.

லாபம் எவ்வளவு மிஞ்சும்?

உதாரணத்துக்கு, மொத்த பட்ஜெட் 15 லட்சம் ரூபாய். பிளானரின் கட்டணம் 10 சதவீதம் என்றால் 1.5 லட்சம். இதில் நான்கு மாத வேலைக்கான இரண்டு ஊழியர்களின் சம்பளப் பங்கு 40,000, அன்றைக்கு வரும் தினக்கூலி ஆட்களுக்கு 15,000, அலைச்சலுக்கு 15,000, டிசைன், மாதிரி வேலைகளுக்கு 10,000, ஆபீஸ் வாடகை, போன் போன்றவற்றின் பங்கு 15,000, எதிர்பாராத செலவு 10,000. மொத்தம் 1,05,000. கையில் நிற்பது 45,000.

புதிதாகச் சேர்ந்த ஒருவர் தேதியை மாற்றிச் சொல்லி, மேடைப் பூவை இரண்டாவது முறை வாங்க வேண்டி வந்தால் அந்த 45,000 அப்படியே காலி. 'ஆளைப் போட்டோம், அவனே கத்துப்பான்' என்று விடுவதற்கு ஆகும் செலவு இதுதான்.

சரி, எப்படிக் கற்றுக்கொடுப்பது?

நான்கு படிகளாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதல் படி, கூடவே நிற்பது. முதல் இரண்டு மூன்று நிகழ்ச்சிகளில் புதியவருக்குப் பொறுப்பு எதுவும் வேண்டாம். கையில் ஒரு நோட்டு. எத்தனை மணிக்கு என்ன நடந்தது, எது தாமதமானது, யார் என்ன கேட்டார்கள் என்று எழுத வேண்டும். பந்தி எத்தனை நிமிடம் பிடிக்கிறது என்பதைப் பாடமாகக் கேட்பதைவிட, வாட்சைப் பார்த்து எழுதினால் மறக்காது.

இரண்டாவது படி, ஒரே ஒரு இடம். வரவேற்பு, மேடை, டைனிங், மணமக்கள் அறை. இதில் ஒன்று மட்டும் அவருடையது. மேடையில் என்ன கலாட்டா நடந்தாலும் டைனிங்கில் நிற்பவர் அங்கிருந்து நகரக் கூடாது. உதவி செய்கிறேன் என்று எல்லோரும் ஒரே இடத்துக்கு ஓடினால், காலியான இடத்தில் அடுத்த பிரச்சினை வரும்.

மூன்றாவது படி, ஆட்களோடு பேசுவது. புதியவர்கள் அதிகம் திணறுவது இங்கேதான். முப்பது வருடமாகச் சமைக்கும் மாஸ்டரிடம் 23 வயதுப் பையன் போய், "லேட் ஆகுது, சீக்கிரம் பண்ணுங்க" என்றால் வேலை நடக்காது. "மாஸ்டர், ஏழு மணிக்கு முதல் பந்தி போட்டுடலாமா? ஏதாவது குறைஞ்சா சொல்லுங்க, வாங்கிட்டு வரேன்" என்றால் நடக்கும். கமிஷன் பேச்சும் இந்தக் கட்டத்தில்தான் வரும். "எனக்கு ஆர்டர் கொடுங்க தம்பி, உங்களைத் தனியா கவனிச்சுக்கிறேன்" என்று யாராவது சொன்னால் என்ன பதில் என்பதை நிறுவனம் முதல் நாளே தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். முதலாளியே ரகசியமாகக் கமிஷன் வாங்கினால், ஊழியரிடம் நேர்மையை எதிர்பார்க்க முடியாது.

நான்காவது படி, முழு நிகழ்ச்சி. சின்னதாகத் தொடங்கலாம்: 100 பேர் வரும் காதணி விழா, சீமந்தம், ஆபீஸ் மீட்டிங். மூத்தவர் மண்டபத்தில் இருப்பார், ஆனால் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பார். கேட்டால் மட்டும்தான் சொல்வார். வாயை மூடிக்கொண்டு உட்கார்வது அவருக்குத்தான் கஷ்டம்.

2,000 ரூபாய் விதி

கல்யாண வீட்டில் பாதிப் பிரச்சினைகள் சின்னவை. ஐயர் கேட்ட பொருள் இல்லை, குடிதண்ணீர் கேன் போதவில்லை, வயதானவரை ஸ்டேஷனில் விட ஆட்டோ வேண்டும். ஒவ்வொன்றுக்கும் முதலாளிக்கு போன் போட்டு அனுமதி கேட்டால், மூன்று மண்டபத்தின் போன்களும் ஒன்றாக அடிக்கும்.

இதற்கு ஒரு எளிய வழி: 2,000 ரூபாய் வரை யாரையும் கேட்காமல் செலவு செய்யலாம், பில் மட்டும் இருந்தால் போதும் என்று சொல்லிவிடுவது. அனுபவம் கூடக்கூடத் தொகையையும் கூட்டலாம். இதோடு ஒரு தாள். ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு ஆள், இரண்டு நம்பர். முதல் ஆள் எடுக்காவிட்டால் எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும், அதற்குப் பிறகு யாரைக் கூப்பிட வேண்டும் என்பதும் அதிலேயே இருக்க வேண்டும்.

ஆடிதான் வகுப்பு

சீசனில் கற்றுக்கொடுக்க நேரம் இருக்காது. ஆடியில் இருக்கும். காலி மண்டபத்தில் அரை நாள் ஒத்திகை பார்க்கலாம். 'முகூர்த்தத்துக்கு 40 நிமிடம் இருக்கு, ஐயர் டிராஃபிக்கில் மாட்டிக்கிட்டார்', 'மாலை இன்னும் வரலை', '300 பேர் கூடுதலா வந்துட்டாங்க' என்று சீட்டு எழுதிப் போட்டு, எடுப்பவர் இரண்டு நிமிடத்தில் என்ன செய்வார் என்று சொல்ல வேண்டும். போன சீசனில் நடந்த தவறுகளையே சீட்டாக எழுதலாம். யார் செய்தது என்ற பெயர் வேண்டாம்.

தெரிந்திருக்க வேண்டிய சட்டங்கள்

ஒலிபெருக்கி: 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, இரவு 10 முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி பயன்படுத்தக் கூடாது. மூடிய அரங்குகளுக்குள் விலக்கு உண்டு. 4.30 - 6 முகூர்த்தத்துக்கு வாசலில் ஸ்பீக்கர் கட்டச் சொன்னால், பிளானர்தான் பக்குவமாக மறுக்க வேண்டும்.

பாட்டு: காப்புரிமைச் சட்டம் 1957இன் பிரிவு 52, கல்யாண ஊர்வலம், கல்யாணத்தோடு சேர்ந்த விழாக்களில் பாட்டு ஒலிக்க விலக்கு தருகிறது. கம்பெனி பார்ட்டி, பொருள் அறிமுக விழாவுக்கு அந்த விலக்கு கிடையாது. உரிமம் வாங்க வேண்டும்.

ஜி.எஸ்.டி.: ஈவன்ட் மேனேஜ்மென்ட் சேவைக்கு 18 சதவீதம். தமிழ்நாட்டில் சேவைத் தொழிலுக்குப் பதிவு வரம்பு ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய். கேட்டரிங், டெக்கரேஷன் எல்லாவற்றையும் தன் பெயரில் பில் போட்டால், மேலே சொன்ன 15 லட்சம் ரூபாய்க் கல்யாணம் இரண்டே போதும், வரம்பு தாண்டிவிடும். அவர்கள் குடும்பத்துக்கு நேரடியாக பில் கொடுத்தால், பிளானரின் கணக்கில் வருவது அவருடைய கட்டணம் மட்டுமே. பதிவு செய்தவர் வாங்கும் அட்வான்சுக்கும் வரி உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஒப்பந்தம்: 2020இல் கொரோனா ஊரடங்கின்போது கல்யாணத்துக்கு 50 பேர் என்று கட்டுப்பாடு வந்தது. தேதி மாறினால் அட்வான்ஸ் என்ன ஆகும் என்று எழுதி வைக்காதவர்கள் எல்லாத் தரப்பிலும் சிரமப்பட்டார்கள். ஒரு பக்க ஒப்பந்தமாவது எழுத்தில் இருக்கட்டும்.

வேலைக்குச் சேரப் போகிறீர்களா?

'அனுபவம் கிடைக்கும்' என்ற ஒரே காரணத்துக்காகச் சம்பளமில்லாமல் ஒரு சீசன் முழுக்க நாற்காலி தூக்க வேண்டியதில்லை. சேருவதற்கு முன் ஐந்து கேள்விகள் கேளுங்கள். பயிற்சிக் காலத்தில் தினப்படி எவ்வளவு? இரவு 12 மணிக்கு வேலை முடிந்தால் வீட்டுக்கு வண்டி உண்டா? சாப்பாடும் ஓய்வும் எப்போது? எத்தனை மாதத்தில் தனிப் பொறுப்பு கிடைக்கும்? நிகழ்ச்சி முடிந்ததும் உட்கார்ந்து பேசும் பழக்கம் உண்டா?

பெண்கள் இன்னொன்றும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013 ஆபீசுக்கு மட்டுமானது இல்லை. வேலைக்காகப் போகும் மண்டபமும் ஹோட்டலும் அதன்படி பணியிடம்தான். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் நிறுவனம் என்றால், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் புகார் கொடுக்கலாம்.

மறுபடி தாம்பரம்

இப்போது அதே போன் காலை, நான்கு படியும் தாண்டிய ஒருவர் செய்தால் எப்படி இருக்கும்?

"அக்கா, ஜெனரேட்டர்காரர் எடுக்கல. லிஸ்ட்ல இருந்த ரெண்டாவது ஆளுக்குப் பேசிட்டேன், ஏழே காலுக்குள்ள வந்துடுவார். அதுவரைக்கும் எல்.இ.டி. ஸ்கிரீனை ஆன் பண்ண வேண்டாம்னு சொல்லியிருக்கேன். கரன்ட் போனா மண்டபத்து ஜெனரேட்டர் மேடை லைட்டுக்குப் போதும்னு எலெக்ட்ரீஷியன் சொன்னார். சும்மா தகவலுக்குத்தான் சொன்னேன்."

பேசி முடிக்க அரை நிமிடம் போதும். வடபழனியில் இருப்பவர் போனைப் பையில் போட்டுவிட்டு, முதல் பந்தியைப் பார்க்கப் போகலாம்.