கோடு போட்டால் கால் நகரும்!

வர்ச்சுவல் ரியாலிட்டி என்றதும் நமக்கெல்லாம் வீடியோ கேம்தான் ஞாபகம் வரும். அதே கருவி, நரம்பு நோயால் நடை தடுமாறுபவர்களுக்கு ஊன்றுகோலாகவும் உதவுகிறது. அது எப்படி என்பதை எனக்குப் புரிந்த வரையில் எழுதுகிறேன்.

1817-ல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் ஒரு நோயைப் பற்றி விவரமாக எழுதினார். பின்னாளில் அவர் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் அழிவதால் இது வருகிறது. கை நடுங்கும், உடம்பு விறைக்கும் என்பது பலருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது 'உறைதல்'. நடந்து வருபவர் திடீரென்று நின்றுவிடுவார். பாதத்தைப் பசை போட்டுத் தரையில் ஒட்டியது போலிருக்கும். வாசல் அருகே, திரும்பும் இடத்தில், குறுகலான வழியில்தான் இது அதிகம்.

என் தாத்தாவுக்கும் இந்த நோய் உண்டு. "காலு வரமாட்டேங்குதுடா" என்று கூடத்தில் நிற்பவர், மாடிப்படியில் மட்டும் கடகடவென்று ஏறிவிடுவார். "நடிக்கிறாரு" என்று உறவுக்காரர்கள் சொன்னதும் உண்டு. சத்தியமாக அது நடிப்பில்லை!

நாம் நடக்கும்போது ஒவ்வொரு அடியையும் யோசித்தா வைக்கிறோம்? மூளையின் உள்ளே இருக்கும் பேசல் காங்லியா என்ற பகுதி அதைத் தானாகவே பார்த்துக்கொள்கிறது. நோய் கெடுப்பது இந்த 'ஆட்டோமேட்டிக்' வேலையைத்தான். ஆனால் கண்ணெதிரே ஒரு படியோ கோடோ இருந்தால், 'இதைத் தாண்டு' என்ற கட்டளை பார்வை மூலமாக வேறு பாதையில் போகிறது என்கிறார்கள். கரண்ட் போனதும் ஜெனரேட்டருக்கு மாற்றுகிறோமே, அந்த மாதிரி! தரையில் குறுக்குக் கோடுகள் போட்டால் நடை சீராவதை பர்டன் மார்ட்டின் என்ற மருத்துவர் 1967-லேயே எழுதியிருக்கிறார். கோடு நடக்கும் திசைக்குக் குறுக்கே இருக்க வேண்டும் என்பது முக்கியம்.

சரி, ரோட்டிலும் பஸ் ஸ்டாண்டிலும் கோடு போட முடியுமா? 1990-களில் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில், கோடுகளைக் கண்ணாடிக்குள்ளேயே காட்டிப் பார்த்தார்கள். இங்கேதான் நம் பாடம் வருகிறது. தலை திரும்பினாலும் கோடு தரையிலேயே நிற்பதாகத் தெரிய வேண்டும். அதற்கு கைரோஸ்கோப் தலையின் அசைவை அளக்க, கம்ப்யூட்டர் உடனுக்குடன் படத்தை மாற்றி வரைய வேண்டும். விநாடிக்கு 90 படம் என்றால் ஒரு படத்துக்குக் கிடைப்பது சுமார் 11 மில்லி விநாடிதான். தாமதமானால் தலைசுற்றல் வரும்; தள்ளாடுபவர் விழுந்தே போகலாம்.

திரை மட்டும் வைத்தும் பயிற்சி தரலாம். 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், ஐந்து நாடுகளைச் சேர்ந்த 302 முதியவர்கள் வாரம் மூன்று முறை, ஆறு வாரம் டிரெட்மில்லில் நடந்தார்கள். ஒரு பிரிவினருக்கு எதிரே திரையில் தடைகள் தெரியும். அவற்றை அவர்கள் தாண்ட வேண்டும். வெறும் டிரெட்மில்லில் நடந்தவர்களைவிட, இவர்கள் பிறகு கீழே விழுந்தது குறைவு.

இது நோயைத் தீர்ப்பதில்லை. மருந்தை நிறுத்தவும் கூடாது. கோடு எல்லோருக்கும் ஒரே அளவில் பலிப்பதுமில்லை. ஆனால் பிசியோதெரபிஸ்டைக் கேட்டு, அவரவர் அடிக்கேற்ற இடைவெளியில் தரையில் ஒட்ட ஒரு ரோல் கலர் டேப் போதும். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்புத் தேடும் நண்பர்களே, மலிவான ஒரு லேசர் கோட்டை ஊன்றுகோலில் பொருத்திப் பாருங்களேன். நின்றுபோன கால் ஒன்று நகர்ந்தால், அதைவிட நல்ல மார்க் வேறென்ன வேண்டும்!