நடக்காத கச்சேரியை நடத்துபவர்கள்

1966 ஆகஸ்ட் 29 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் பார்க் மைதானத்தில் பாடிவிட்டு மேடையிறங்கிய பீட்டில்ஸ் குழு, அதன்பின் கட்டணக் கச்சேரி எதையும் நடத்தவில்லை. அந்த மாதத் தொடக்கத்தில்தான் அவர்களுடைய 'ரிவால்வர்' இசைத்தட்டு வெளியாகியிருந்தது. அதிலிருந்து ஒரு பாட்டைக்கூட அவர்கள் அன்று பாடவில்லை. அடுத்த ஆண்டு 'சார்ஜண்ட் பெப்பர்ஸ்' வந்தது. 1969-இல் 'அபே ரோடு' வந்தது. கோடிக்கணக்கானோர் மனப்பாடமாக வைத்திருக்கும் அந்தத் தட்டுகளிலுள்ள பாடல்களை, பாடியவர்கள் நால்வரும் சேர்ந்து ரசிகர்கள் முன் வாசித்ததே இல்லை.

ஆனாலும் அந்தப் பாடல்கள் இன்று லண்டனிலும் ஆம்ஸ்டர்டாமிலும் டோக்கியோவிலும் மேடையேறுகின்றன. அவற்றை வாசித்துப் பிழைக்கிறார்கள் வேறு மனிதர்கள். ட்ரிப்யூட் பேண்ட் என்று இவர்களுக்குப் பெயர். நம் ஊர்த் திருவிழா மேடையில் மெல்லிசைக் குழு ஒரே இரவில் பல இசையமைப்பாளர்களின் பாடல்களைப் பாடும். ட்ரிப்யூட் பேண்ட் ஒரே ஒரு குழுவை எடுத்துக்கொள்கிறது. அந்தக் குழுவின் குரல், வாத்தியம், தலைமுடி, நிற்கும் விதம் என அத்தனையையும் திரும்ப உருவாக்கி, அதற்கே டிக்கெட் விற்கிறது.

இதை வெறும் நகலெடுப்பு என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 60 ஆண்டுகளுக்கு முன் ஒலிநாடாவில் பதிந்த ஓர் ஓசையை, அதைக் கேட்டே வளர்ந்தவர்கள் முன்னால் உயிரோடு எழுப்ப வேண்டும். அந்த ஓசை எப்படி உண்டானது என்பதைக் கண்டுபிடித்தால்தான் அது முடியும். இந்தத் தொழிலில் முதல் வேலையே ஒலியியல் ஆராய்ச்சிதான்.

பல ஸ்வரங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிப்பதே கார்டு. ஒரே ஒரு கார்டை எடுத்துக்கொள்வோம். 1964-இல் வெளியான 'எ ஹார்ட் டேஸ் நைட்' பாட்டு, கணகணவென்று ஒலித்து அடங்கும் ஒற்றை கார்டில் தொடங்கும். சில விநாடிதான். அதில் என்னென்ன ஸ்வரங்கள் உள்ளன, யார் எதை வாசித்தார்கள் என்று கிதார் கலைஞர்கள் பல பத்தாண்டுகள் வாதாடியிருக்கிறார்கள். பீட்டில்ஸின் கிதார் கலைஞர் ஜார்ஜ் ஹாரிசனின் கையில் இருந்தது ரிக்கன்பேக்கர் நிறுவனத்தின் 12 தந்திக் கிதார். அதில் தந்திகள் இரண்டிரண்டாகச் சேர்ந்திருக்கும். தாழ்ந்த சுருதியுள்ள ஜோடிகளில் ஒன்று தடித்தது, மற்றது அதைவிட ஒரு ஸ்தாயி உயர்ந்த மெல்லியது. வழக்கமான 12 தந்திக் கிதாரில் மேலிருந்து கீழே மீட்டும்போது மெல்லிய தந்திதான் முதலில் அதிரும். ரிக்கன்பேக்கரில் வரிசை தலைகீழ், தடித்த தந்தி முந்திக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி விநாடியில் மிகச் சிறிய பங்கு. ஆனால் காது அதைத் தவறவிடாது. வேறு கிதாரில் அதே ஸ்வரங்களைச் சரியாகவே வாசித்தாலும் 'அது இல்லையே' என்று கேட்பவருக்குத் தோன்றிவிடும்.

2004-இல் கனடாவின் டல்ஹௌசி பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் ஜேசன் பிரவுன் அந்த கார்டைக் கணினியில் ஏற்றினார். எவ்வளவு சிக்கலான அலையையும் எளிய அலைகளின் கூட்டாகப் பிரித்துவிடலாம் என்று வெப்பம் பரவும் விதத்தை ஆராய்ந்த ஃபூரியே 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காட்டியிருந்தார். அந்தக் கணிதத்தைக் கொண்டு பிரவுன் கார்டில் அடங்கிய அதிர்வெண்களைப் பட்டியலிட்டார். அதில் ஒரு ஸ்வரம் மட்டும் மூன்றாக வந்து நின்றது, ஒன்றுக்கொன்று மயிரிழை விலகிய மூன்று அதிர்வெண்கள். ஜோடித் தந்திகள் கொண்ட கிதாரில் அது பொருந்தவில்லை. பியானோவில் பொருந்தும். பியானோவின் பெரும்பாலான கட்டைகளுக்குள்ளே மூன்று தந்திகளை ஒரே சுத்தியல் அடிக்கிறது, அவை மூன்றையும் துல்லியமாக ஒரே சுருதியில் நிறுத்துவது அரிது. தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் அங்கே பியானோவைச் சேர்த்து வாசித்திருக்கிறார் என்பது பிரவுனின் முடிவு. நுணுக்கங்களில் அவரோடு மாறுபடுகிறவர்கள் இருக்கிறார்கள். மேடையில் அந்த கார்டைக் கிதாரில் மட்டும் வாசித்து ஏன் ஏதோ குறைகிறது என்று தவித்தவர்களுக்கோ விடை கிடைத்துவிட்டது: கீபோர்டு கலைஞரும் அதே நொடியில் அடிக்க வேண்டும்.

வாத்தியத்தைப் பணம் கொடுத்து வாங்கலாம், உடம்பை வாங்க முடியாது. பீட்டில்ஸின் டிரம்மர் ரிங்கோ ஸ்டார் இடக்கைக்காரர். ஆனால் அவர் வாசித்தது வலக்கைக்காரருக்காக அடுக்கிய டிரம்ஸ். ஒரு டிரம்மிலிருந்து அடுத்ததற்கு உருட்டிச் செல்லும்போது வலக்கைக்காரர் வலக்கையால் தொடங்கி வழுக்கிக்கொண்டு போவார். ரிங்கோவுக்கு இடக்கைதான் முதலில் எழும். அதனால் கைகள் ஒன்றையொன்று கடக்க வேண்டும், நடுவே ஒரு சிறு தாமதம் விழும். அந்தத் தாமதம்தான் அவருடைய வாசிப்பின் முத்திரை. அவரைப் போல வாசிக்க விரும்பும் வலக்கை டிரம்மர், பல ஆண்டுப் பயிற்சியில் தன் கைகள் கற்றதை மறக்கச் செய்து, தனக்குக் கடினமான வரிசையில் அடிக்கப் பழக வேண்டியிருக்கிறது. பேஸ் கிதார் வாசிப்பவருக்குச் சோதனை கண்ணுக்கே தெரியும். பால் மெக்கார்ட்னி இடக்கையால் மீட்டுபவர், அவருடைய வயலின் வடிவ ஹாஃப்னரின் கழுத்து மற்ற இருவரின் கிதார்களுக்கு எதிர்ப்பக்கமாக நீளும். அந்தக் காட்சி கலையக் கூடாது என்பதற்காகவே வலக்கைக்காரர்கள் சிலர் இடக்கையில் பேஸ் வாசிக்க முதலிலிருந்து பயின்றிருக்கிறார்கள்.

குரல் இன்னும் கடினம். குரல்வளையிலுள்ள மடிப்புகள் விநாடிக்கு எத்தனை முறை அதிர்கின்றன என்பதில் சுருதி பிறக்கிறது. அந்தச் சுருதியை இன்னாருடைய குரல் என்று அடையாளம் காட்டுவது அதற்கு மேலேயுள்ள பாதை: தொண்டை, வாய், நாக்கு, உதடு. வளர்ந்த ஆணுக்கு அது சுமார் 17 செ.மீ. நீளம். அந்தப் பாதை சில அதிர்வெண்களை ஓங்கச் செய்து மற்றவற்றை அமுக்குகிறது. உதட்டைக் குவித்தும் குரல்வளையைத் தாழ்த்தியும் அதைச் சற்று நீட்டலாம், தாடையெலும்பை மாற்ற முடியாது. ஆகவே நல்ல கலைஞர் தன்னால் மாற்றக்கூடியதைப் பிடித்துக்கொள்கிறார்: உயிரெழுத்துகளை பீட்டில்ஸின் ஊரான லிவர்பூல் நகரத்தார் உச்சரிக்கும் விதம், மூச்சு எடுக்கும் இடம், ஒரு சொல்லைத் தாளத்துக்குச் சற்று முன்பாகவோ பின்பாகவோ விடும் பழக்கம். கேட்பவரின் மூளை இவற்றை வைத்தே மீதியை இட்டு நிரப்பிக்கொள்கிறது.

பீட்டில்ஸ் பாடகர் ஜான் லெனனைப் பின்பற்றுகிறவருக்கு இதற்கும் மேல் ஒரு சங்கடம். லெனனுக்குத் தன் குரல் பிடிக்காது. அதை மாற்றிக் கொடுக்கச் சொல்லிப் பதிவுக்கூடத்தாரை நச்சரித்துக்கொண்டே இருப்பார். குரல் கனமாகக் கேட்க வேண்டுமென்று ஒரே வரியை இரண்டு முறை பாடிப் பதிவதிலும் அவருக்குச் சலிப்பு. 1966-இல் அபே ரோடு பதிவுக்கூடத்தின் பொறியாளர் கென் டவுன்சென்ட் இதற்கு வழி கண்டார். பதிந்த குரலை இன்னொரு நாடா இயந்திரத்துக்கு அனுப்பி, விநாடியில் நூறில் சில பங்கு தாமதித்து, அந்த இயந்திரத்தின் வேகத்தையும் லேசாக அலையவிட்டு, மூலக்குரலோடு மீண்டும் சேர்த்தார். இவ்வளவு குறுகிய தாமதத்தைக் காது எதிரொலியாகக் கொள்வதில்லை, தடித்த ஒரே குரலாகக் கேட்கிறது. 'டுமாரோ நெவர் நோஸ்' பாட்டில் லெனனின் குரலை ஆர்கனோடு இணைக்கும் சுழல் ஒலிபெருக்கி வழியாகவே அனுப்பினார்கள். 'வென் ஐ'ம் சிக்ஸ்டி-ஃபோர்' பாட்டில் நாடாவை வேகமாக ஓட்டி மெக்கார்ட்னியின் குரலை இளமையாக்கினார்கள். எந்தத் தொண்டையிலிருந்தும் வந்திராத குரலைத் தன் தொண்டையிலிருந்து வரவழைக்க வேண்டும் என்பது மேடையில் நிற்பவருக்கு விழும் வேலை.

நெதர்லாந்தில் 2014-இல் தொடங்கிய 'தி அனலாக்ஸ்' குழு இந்தச் சவாலையே தன் கச்சேரியாக்கிக்கொண்டது. இவர்கள் கழுத்துப்பட்டையில்லாத கோட்டும் பீட்டில்ஸ் முடியும் போட்டுக்கொள்வதில்லை. பீட்டில்ஸ் மேடையேற்றாத பிற்காலத் தட்டுகளை முழுமையாக, அந்தக் காலத்து வாத்தியங்களைத் தேடிப் பிடித்து வாசிப்பது இவர்கள் வழி. அவற்றில் ஒன்று மெல்லோட்ரான். பார்க்கக் கீபோர்டு போல இருக்கும். உள்ளே ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு துண்டு ஒலிநாடா. கட்டையை அழுத்தினால் அந்தத் துண்டு ஓடி, அதில் பதிந்துள்ள புல்லாங்குழலோ வயலினோ ஒலிக்கும். எட்டு விநாடியில் நாடா தீர்ந்துவிடும், விரலை எடுத்தால்தான் பின்வாங்கும்.

'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' அந்த இயந்திரத்தின் புல்லாங்குழலோடுதான் தொடங்குகிறது. அந்தப் பாட்டுக்கு இரண்டு பதிவுகள் இருந்தன, வெவ்வேறு வேகம், வெவ்வேறு சுருதி. ஒன்றின் தொடக்கமும் மற்றதன் முடிவும் வேண்டும் என்றார் லெனன். மார்ட்டினும் பொறியாளர் ஜெஃப் எமரிக்கும் ஒன்றைச் சற்று வேகமாகவும் மற்றதை மெதுவாகவும் ஓட்டிப் பார்த்தார்கள். நாடாவின் வேகம் மாறினால் தாளமும் சுருதியும் சேர்ந்தே மாறும். அதிர்ஷ்டவசமாக இரண்டும் ஒரே இடத்தில் வந்து பொருந்தின, பாட்டின் முதல் நிமிடத்துக்கருகே வெட்டி ஒட்டினார்கள். ஆனால் அப்படிக் கிடைத்த சுருதி பியானோவின் எந்தக் கட்டையிலும் உட்காராமல் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. மேடையில் அதைத் தொட வேண்டுமானால் அத்தனை வாத்தியத்தையும் அந்த நடுச்சுருதிக்கு மாற்ற வேண்டும். இல்லையென்றால் பக்கத்துக் கட்டைக்கு நகர்ந்து அந்த மயக்கத்தைக் கொஞ்சம் இழக்க வேண்டும். அதே பாட்டில் நம்முடைய ஸ்வர்மண்டலும் ஒலிக்கிறது. 'சார்ஜண்ட் பெப்பர்ஸ்' தட்டில் ஹாரிசனின் பாட்டுக்குத் தில்ருபாவும் தபலாவும் தம்பூராவும் வாசித்தவர்கள் லண்டனில் இருந்த இந்தியக் கலைஞர்கள். ஆக, முழுத் தட்டை மேடையேற்றும் குழு ஐரோப்பாவில் தில்ருபாக்காரரையும் தேட வேண்டும்.

'எ டே இன் த லைஃப்' பாட்டின் கடைசி கார்டு இன்னொரு புதிர். பல பியானோக்களில் ஒரே நேரத்தில் அடித்த அந்த ஒலி 40 விநாடிக்கு மேல் நீடிக்கிறது. தந்தியின் அதிர்வு தேயத் தேயப் பொறியாளர்கள் ஒலியளவை ஏற்றிக்கொண்டே போனதால் வந்த நீளம் அது. கூர்ந்து கேட்டால் இறுதியில் கூடத்தின் சிறுசிறு சத்தங்கள்கூடக் காதில் விழும். ஆயிரம் பேர் மூச்சுவிடும் அரங்கில் மைக்கை அப்படி ஏற்றினால் ஒலிபெருக்கியின் சத்தமே மைக்கில் நுழைந்து ஊளையிடும். பீட்டில்ஸ் மேடையை விட்டு விலகியதன் காரணம் இங்கே ஓரளவு புரிகிறது. 1965-இல் நியூயார்க்கின் ஷே மைதானத்தில் 55,000-க்கும் மேற்பட்டோர் கூச்சலிட, 100 வாட் பெருக்கிகளோடு அவர்கள் வாசித்தார்கள். தங்கள் பாட்டு அவர்களுக்கே கேட்கவில்லை. இன்றைய கலைஞர் காதுக்குள் சிறு ஒலிபெருக்கியைச் செருகிக்கொண்டு, தன் குரலைத் தெளிவாகக் கேட்டபடி பாடுகிறார்.

வருமானம் எங்கிருந்து வருகிறது? நாடக அரங்கு, கோடைத் திருவிழா, பயணக் கப்பல், திருமணம், நிறுவன விருந்து. வார இறுதியில்தான் வேலை அதிகம். ஆகவே வாரநாட்களில் இசை சொல்லிக்கொடுப்பவர்கள், பதிவுக்கூடத்தில் வாசிப்பவர்கள், ஒரே சமயத்தில் இரண்டு மூன்று ட்ரிப்யூட் குழுக்களில் இருப்பவர்கள் என்று பலவிதம். பாடலுக்கான உரிமைத்தொகையை வழக்கமாக அரங்கத்தினரோ நிகழ்ச்சி ஏற்பாட்டாளரோ கட்டுகிறார்கள். பிரிட்டனில் 1914 முதல் இயங்கும் பி.ஆர்.எஸ். போன்ற அமைப்புகள் அதை வசூலித்துப் பாடலை இயற்றியவர்களுக்கும் பதிப்பாளர்களுக்கும் பிரித்துத் தருகின்றன. மூலக்குழுவில் டிரம்ஸ் வாசித்தவர் பாட்டை எழுதியிருக்காவிட்டால் இதில் அவருக்குப் பங்கில்லை. அவர் அளவுக்கே உழைத்து அந்த வாசிப்பைப் பிரதியெடுத்தவருக்கும் உரிமைத்தொகை கிடையாது, அன்றைய கூலி மட்டும்தான். இது எனக்கு நியாயமாகப் படவில்லை. பாட்டின் மெட்டுக்குச் சட்டத்தில் உரிமையாளர் உண்டு, ரிங்கோவின் அந்தத் தாமதத்துக்கு இல்லை.

உருவத்துக்கும் பெயருக்கும் தனிச் சட்டம் இருக்கிறது. 1977-இல் நியூயார்க்கின் பிராட்வேயில் தொடங்கிய 'பீட்டில்மேனியா' நிகழ்ச்சி ஆயிரம் காட்சிகளைத் தாண்டி ஓடியது. பீட்டில்ஸின் ஆப்பிள் நிறுவனம் வழக்குத் தொடுத்து, 1986-இல் பல மில்லியன் டாலர் இழப்பீடு பெற்றது. அதற்குள் அந்த நிகழ்ச்சி ஒரு தலைமுறைக் கலைஞர்களுக்குத் தொழிலைக் கற்றுக்கொடுத்துவிட்டது. அதன் லண்டன் அரங்கேற்றத்தில் நடித்தவர்கள் 1980-இல் தொடங்கியதுதான் 'பூட்லெக் பீட்டில்ஸ்'. 1996-இல் நெப்வொர்த்தில் ஓயாசிஸ் குழுவின் மாபெரும் கச்சேரிக்கு முன் இவர்கள் வாசித்தார்கள். ஆட்கள் மாறி மாறி 40 ஆண்டுகளுக்கு மேல் ஓடுகிறது இந்தக் குழு. பீட்டில்ஸ் பிரிந்த செய்தி 1970 ஏப்ரலில் வந்தபோது நால்வரில் ஒருவருக்கும் 30 வயது நிறைந்திருக்கவில்லை. அவர்களாக நடிக்கிறவருக்கு மட்டும் வயது கூடுகிறது, உச்சஸ்தாயி நழுவுகிறது, ஒருநாள் தன் இடத்தை இளையவர் ஒருவருக்கு விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

அண்மையில் இவர்களுடைய ஆராய்ச்சிக்குப் புதுக்கருவி கிடைத்திருக்கிறது. நான்கு தடம் மட்டுமே இருந்த நாடாவில் டிரம்ஸ், பேஸ், கிதார் மூன்றையும் பல சமயம் ஒரே தடத்தில் அடைத்துவிடுவார்கள். 'ரிவால்வர்' தட்டின் முதல் பாட்டான 'டாக்ஸ்மேன்' அப்படிப்பட்டது. இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் ஆவணத் தொடருக்காக அவருடைய குழு உருவாக்கிய கணினி முறை, ஒவ்வொரு வாத்தியத்தின் ஒலிச்சாயலையும் கற்றுக்கொண்டு, கலந்துபோனவற்றைத் தனித்தனியே பிரிக்கிறது. அந்த முறையில்தான் 2022-இல் 'ரிவால்வர்' புதிதாகக் கலந்து வெளியானது. இதுவரை மங்கலாக இருந்த பேஸ் தந்தியின் அசைவுகள் இப்போது துலக்கமாகக் கேட்கின்றன. இதை வீட்டிலிருக்கும் ரசிகரும் கேட்கிறார். ஆண்டுதோறும் ஆகஸ்டில் பல நாட்டுக் குழுக்கள் கூடும் லிவர்பூல் பீட்டில்ஸ் வாரத்தில், கேவர்ன் கிளப் மேடைக்குக் கீழே நிற்பதும் அவர்தான். பல ஆண்டுகளாகச் சரியென்று நம்பி வாசித்த இடங்களை இந்தக் கலைஞர்கள் மறுபடி முதலிலிருந்து கேட்டுத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள்.