இரு கைகளாலும் பந்தெறிந்த ஹங்கேரிய நாயகன்

புக்கிட் பாஞ்சாங்கில் டௌன்டவுன் பாதை ரயிலில் ஏறி, லிட்டில் இந்தியாவைக் கடந்து, புரொமனாட்டில் வட்டப் பாதைக்கு மாறினால் சற்று நேரத்தில் ஸ்டேடியம் நிலையம் வந்துவிடும். அதனருகே உள்ள நீர் விளையாட்டு நிலையத்தில் 2025 ஜூலையில் உலக நீர்ப்பந்து இறுதியாட்டங்கள் நடந்தன. ஆண்கள், பெண்கள் என இரு இறுதியாட்டங்களிலும் ஹங்கேரி விளையாடியது. ஆண்கள் பிரிவில் ஸ்பெயினிடம் 13-15 எனத் தோற்றது.

ஹங்கேரிக்குக் கடல் இல்லை. ஆனால், வெந்நீர் ஊற்றுகள் ஏராளம். குளிர்காலத்திலும் நீந்தலாம். ஆண்கள் நீர்ப்பந்தில் அந்நாடு வென்ற ஒலிம்பிக் தங்கப் பதக்கங்கள் 9. வேறெந்த நாடும் இத்தனை வென்றதில்லை.

ஐந்து ஒலிம்பிக், ஐந்து பதக்கம்

அந்த வரிசையில் மக்கள் மனத்தில் நிலைத்த பெயர் டெஜோ ஜார்மாட்டி. 1927 அக்டோபர் 23ஆம் தேதி பிறந்தவர். இரு கைகளாலும் பந்தெறிவார், வேகமாக நீந்துவார். 1948 முதல் 1964 வரை ஐந்து ஒலிம்பிக்கிலும் பதக்கம் வென்றார். அவற்றில் மூன்று தங்கம்.

அவரது 29வது பிறந்தநாளன்று ஹங்கேரியில் மக்கள் எழுச்சி வெடித்தது. நவம்பரில் சோவியத் படைகள் அதை நசுக்கின. டிசம்பர் 6ஆம் தேதி, மெல்பர்ன் ஒலிம்பிக்கில் ஹங்கேரி அதே சோவியத் அணியைச் சந்தித்தது. ஹங்கேரி 4-0 என முன்னிலையில் இருந்தபோது, இரண்டு கோல் போட்ட எர்வின் சாடோர் முகத்தில் குத்தப்பட்டு ரத்தம் வழிய வெளியேறினார். ஆட்டம் அத்துடன் நிறுத்தப்பட்டது. அடுத்து ஹங்கேரி தங்கமும் வென்றது. நொந்துபோயிருந்த மக்களுக்கு அந்த வெற்றி வெறும் விளையாட்டாகத் தெரியவில்லை.

பின்னர் ஜார்மாட்டி பயிற்றுவிப்பாளராகி 1976ல் ஹங்கேரிக்குத் தங்கம் வாங்கித் தந்தார். 1990ல் நாடாளுமன்றத்திற்கும் சென்றார். 2013ல் காலமானார்.

நம்மவர்களும் அங்கிருந்தனர்

அதே மெல்பர்ன் ஒலிம்பிக் நீர்ப்பந்துப் போட்டியில் சிங்கப்பூர் அணியும் களமிறங்கியது. 1954 ஆசிய விளையாட்டுகளில் தங்கம் வென்ற பெருமையோடு சென்றது அது. அதில் ஆடிய டான் எங் லியாங்கும் பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினரானார்.

தென்கிழக்காசிய அளவில் 1965 முதல் 2017 வரை தொடர்ந்து 27 தங்கம் சிங்கப்பூருக்கே. 2019ல் நழுவிய தங்கம் 2023ல் திரும்பியது. இருந்தும், அந்த வீரர்களில் எத்தனை பேரின் பெயர் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும்? ஹங்கேரியில் நேற்றைய வீரர் இன்றைய பயிற்றுவிப்பாளர். அவர் கதையைக் கேட்டே அடுத்த தலைமுறை குளத்தில் இறங்குகிறது.

எளிய ஆட்டமன்று இது. எட்டு நிமிடப் பகுதிகள் நான்கு. தரையில் கால் ஊன்றக்கூடாது. கோல்காப்பாளரைத் தவிர மற்றவர்கள் ஒரு கையால்தான் பந்தைத் தொடலாம். முதல் தேவை நன்றாக நீந்தத் தெரிவது. அதற்கு புக்கிட் பாஞ்சாங் பிள்ளைகள் காலாங் வரை போக வேண்டியதில்லை. செஞ்சா-கேஷ்யூ நீச்சல் குளம் வீட்டருகிலேயே இருக்கிறது.