சித்திரத்தில் இடம்பெறாதவர்

விகடச் சித்திரம் காணும் கலை – 9

அரசியல் விகடச் சித்திரத்தைக் கண்டதும் ஒருமுறை நகைத்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுவது நம்மில் பெரும்பாலோர் வழக்கம். தலையங்கத்தோடு வாக்கியத்திற்கு வாக்கியம் வாதாடத் தயங்காத நாம், சித்திரத்தோடு வாதாடுவதில்லை; அதனாலேயே அது தன் தீர்ப்பை எளிதில் நம் மனத்தில் பதித்துவிடுகிறது என்பதைச் சென்ற வாரங்களில் கண்டோம். மூக்கைப் பெருக்கியும் உடலைச் சிறுக்கியும் சித்திரக்காரர் செய்யும் மிகைகளை அறியும் விதத்தையும் ஓரளவு ஆராய்ந்தோம். இவ்வாரம் அதனினும் கடினமான ஒரு பயிற்சியை மேற்கொள்ள விரும்புகிறேன். படத்தில் இருப்பவரை விடுத்து, இருக்கவேண்டியிருந்தும் இல்லாதவரைத் தேடுவதே அது. இதற்கு இராமநாதபுரம் கடற்கரையை எடுத்துக்கொள்கிறேன். ஏனெனில் அரை நூற்றாண்டாகத் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் எழுதுகோலும் தூரிகையும் பிடிப்போருக்கு இக்கடல் ஓயாமல் பொருள் தந்துவருகிறது.

முறையைப் பாரதியாரிடமிருந்தே கற்கலாம். 1906-ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கி, அடக்குமுறையின் காரணமாக 1908-இல் புதுச்சேரிக்குப் பெயர்ந்த 'இந்தியா' வாரப் பத்திரிகையில்தான் தமிழில் அரசியல் சித்திரம் வேரூன்றியது. அக்காலத்து வாசகருக்கு அது புதிய பாஷையாதலால், படத்திலுள்ள உருவங்கள் எவற்றைக் குறிக்கின்றன என்று விளக்கம் எழுதும் வழக்கமும் அப்பத்திரிகையில் இருந்தது. சித்திரங்களுக்கென்றே 'சித்ராவளி' என்னும் தனிப் பத்திரிகை நடத்தவும் பாரதியார் உத்தேசித்திருந்தார், அது கைகூடவில்லை. இன்று எந்த ஆசிரியரும் நமக்கு அத்தகைய விளக்கம் எழுதித் தருவதில்லை. ஆகவே வாசகர் தாமே ஒரு சிறு தாளில் அதனை எழுதிப் பார்க்கவேண்டும்: இவர் யார், இவர் கையிலிருப்பது யாது, இவர்கள் எதைப்பற்றிச் சச்சரவிடுகிறார்கள், அந்தச் சச்சரவினால் உண்மையில் வருந்துபவர் யார் என்று. கடைசி வினாவுக்கு விடையாக வரும் மனிதர் படத்தில் காணப்படாவிடின், அங்கே நாம் நிதானிக்கவேண்டும்.

அதற்கு முன் ஒரு வேற்றுமையைத் தெளிவுபடுத்திக்கொள்வது நலம். இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அவ்வூரில் இரயில் நிற்பது ரத்தாகி, ஓடும் வண்டியிலிருந்து பத்திரிகைக் கட்டுகள் வீசப்பட்டபோது, அவற்றைப் பொறுக்கியெடுக்கத் தம் உறவினருக்கு உதவிய சிறுவர். அவர் 2002-இல் குடியரசுத் தலைவரானபின், நடுவே வகிடெடுத்து இருபுறமும் சுருண்டு இறங்கும் அவருடைய வெண்முடி நாட்டிலுள்ள சித்திரக்காரர் அனைவருக்கும் இரண்டு வளைவுகளில் வசப்பட்டது. முகமே வரையாமல் முடியை மட்டும் வரைந்தாலும் குழந்தைகூட அவரை இனங்கண்டுகொள்ளும். அந்த அடையாளம் அவரிடமிருந்தே எடுக்கப்பட்டது. அவர் தாமே பூண்டிருந்தது. கருணாநிதியின் கறுப்புக் கண்ணாடியும் மஞ்சள் துண்டும், எம்.ஜி.ஆரின் வெண்தொப்பியும் அத்தகையவையே. ஒருவரிடமிருந்து எடுத்த அடையாளத்தை மிகைப்படுத்துவது வேறு. வெளியிலிருந்து கொணர்ந்த அடையாளம் ஒன்றை அவர்மேல் ஒட்டவைப்பது வேறு.

இவ்வேற்றுமையை மனத்திற்கொண்டு 2014 ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் நிகழ்ந்ததைப் பாருங்கள். இலங்கைக் கடற்படையினர் சிறைப்பிடித்த தமிழக மீனவரையும் அவர்தம் படகுகளையும் மீட்குமாறு முதலமைச்சர் ஜெயலலிதா பிரதமர் மோடிக்குக் கடிதங்கள் எழுதிவந்தார். அக்கடிதங்களைக் 'காதற் கடிதங்கள்' என்று தலைப்பிலேயே பரிகசித்த ஒரு கட்டுரை, முதலமைச்சர் பிரதமரை எண்ணியிருப்பது போன்ற படத்தோடும் இதயக் குறியோடும், இலங்கைப் பாதுகாப்பு அமைச்சின் இணையதளத்திலேயே வெளியாயிற்று. தமிழகம் கொதித்தது, நாடாளுமன்றத்தில் கண்டனம் எழுந்தது, கட்டுரை நீக்கப்பட்டு, இலங்கை அரசு இருவரிடமும் நிபந்தனையற்ற மன்னிப்புக் கோரியது. தனிப்பட்ட பத்திரிகை ஒன்றன் கைக்குறும்பன்று இது. படகுகளைப் பிடிக்கும் கடற்படை எந்த அமைச்சின்கீழ் இயங்கியதோ, அதே அமைச்சின் இடத்தில் வந்த படம்.

அந்தப் படத்திலிருந்த இதயம் ஜெயலலிதாவின் நடையிலோ உடையிலோ பேச்சிலோ இருந்து பிறந்ததன்று. கடிதம் எழுதியவர் பெண், பெற்றவர் ஆண் என்ற ஒன்றைத் தவிர அதற்கு வேறு ஆதாரமில்லை. அவருக்கு முன்னிருந்த ஆண் முதலமைச்சர்களும் இதே விஷயமாக தில்லிக்குக் கடிதம் எழுதியவர்களே. அவர்கள் கடிதத்தில் இதயம் வரைய எவருக்கும் தோன்றவில்லை. இது மானத்தைப் பற்றிய கேள்வி. தமிழகம் கொண்ட கோபம் நியாயமானதே. ஆயினும் நம் சிறு தாளில் விளக்கம் எழுதினால் மற்றொன்று புலனாகும். கடிதத்தின் பொருள் யாது? பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் மண்டபத்திலும் வீட்டுக்கு வராத ஆண்களை எதிர்பார்த்திருந்த குடும்பங்கள். கடிதத்தைக் காதலாக்கியவுடன் கடிதத்தின் பொருள் மறைந்துவிட்டது; பார்ப்பவர் இரு தலைவர்களைப் பற்றியே பேசத் தொடங்கினார். கோபித்த நாமும் பெரும்பாலும் முதலமைச்சரின் மானத்தைப் பற்றியே பேசினோம். மீனவர் படத்திலும் இல்லை, படத்தைப் பற்றிய சச்சரவிலும் முன்னிற்கவில்லை. அப்படத்தின் அவமதிப்பைவிட இந்த மறைப்பே எனக்குப் பெரிய தீங்காகத் தோன்றுகிறது.

இல்லாமை எல்லாம் குற்றமென்று கொள்ளலாகாது. 1987 மார்ச்சில் 'ஆனந்த விகடன்' அட்டையில் வந்த நகைச்சுவையை நினைவுகூருங்கள்: மேடையில் வீற்றிருக்கும் இருவரில் சட்டமன்ற உறுப்பினர் எவர், அமைச்சர் எவர் என்ற வினாவுக்கு, ஜேப்படிக்காரர் போல் தோன்றுபவர் முன்னவர், முகமூடிக் கொள்ளைக்காரர் போல் தோன்றுபவர் பின்னவர் என்ற கருத்தில் விடை. அதில் பெயரில்லை, கட்சியில்லை, அறிந்த முகமுமில்லை. அந்த வெற்றிடத்தைச் சட்டமன்றம் தன்னுடையதென்று எடுத்துக்கொண்டு, ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதச் சிறைத் தண்டனை விதித்தது. நாடெங்கும் எழுந்த எதிர்ப்பினால் சில நாட்களிலேயே அவர் விடுதலையானார். பின்னர் 1994-இல் சென்னை உயர்நீதிமன்றம் அச்சிறைவாசம் செல்லாதென்று கூறி, ஆயிரம் ரூபாய் நஷ்டஈடும் அளித்தது. அங்கே பெயரை விட்டது சித்திரத்தின் சாமர்த்தியம். அதிகாரத்தில் இருப்பவர் தம்மைத் தாமே அதில் பொருத்திக்கொள்ள வைத்தது. இணையதளத்துப் படம் விட்டதோ, வாய்திறந்து பேச வலியற்றவரை.

இதே அளவுகோலைக் கொண்டு நம் பக்கத்துச் சித்திரங்களையும் அளக்கவேண்டும். இல்லையேல் இப்பயிற்சி நேர்மையுள்ளதாகாது. மீனவர் துயரை வரையும்போது தமிழ்நாட்டுச் சித்திரங்களில் வழக்கமாகக் காண்பது யாது? ஒருபுறம் துப்பாக்கி ஏந்திய கடற்படை. நடுவே கிழிந்த வலையோடு ஒரு ஏழை. கரையில் கைகட்டி நிற்கும் தில்லி. அதில் பொய்யில்லை. சுடப்பட்டு மாண்டவர் உண்டு; பறிமுதலான படகு மீளாமையால் கடனில் மூழ்கிய குடும்பங்கள் உண்டு. ஆயினும் அப்படத்தில் யாழ்ப்பாணத்து மீனவர் எங்கே? மன்னார் மீனவர் எங்கே? உள்நாட்டுப் போர்க்காலத்தில் கடலுக்குச் செல்லத் தடைப்பட்டு, 2009-க்குப் பின் சிறு படகுகளோடு மீண்டும் தொழிலுக்கு இறங்கிய அத்தமிழரின் வலைகளை நம் விசைப்படகுகளின் இழுவைமடி அறுத்துச் செல்கிறதென்பதும், கடலடியையே அது வாரிச் செல்வதால் மீன்வளம் குன்றுகிறதென்பதும் அவர்கள் பல்லாண்டாக முறையிட்டுவரும் விஷயம். 2017-இல் இலங்கை நாடாளுமன்றம் இழுவைமடியைத் தடைசெய்து சட்டம் இயற்றியதும் அம்முறையீட்டின் விளைவே. நம் கரையிலேயே நாட்டுப்படகு மீனவர் அம்மடிக்கு எதிராகக் குரல் கொடுத்துள்ளனர். கடற்படையை வரைவது எளிது. அதே மொழி பேசும் மற்றொரு ஏழையை எதிரில் வரையச் சித்திரக்காரருக்குத் துணிவு வேண்டும், பார்ப்பதற்கு வாசகருக்கும் துணிவு வேண்டும்.

கச்சத்தீவுச் சித்திரங்களுக்கும் இது பொருந்தும். தேர்தல் நெருங்கும்போதெல்லாம், 2024-இலும் நாம் கண்டவாறு, அத்தீவு ஒரு தலைவர் மற்றொருவரைக் குற்றஞ்சாட்டும் பொருளாகிவிடுகிறது. படத்திலோ அது தென்னை நிறைந்த ஒரு செல்வம்போல் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறுகிறது. இராமநாதபுரம் சேதுபதிகளின் ஜமீனைச் சேர்ந்ததென்று நாம் உரிமை கோரிய அந்நிலம் ஏறக்குறைய 285 ஏக்கர், குடிநீரில்லை, நிலைத்த குடிகளில்லை, அந்தோணியார் கோவில் உண்டு, ஆண்டுக்கொருமுறை இருகரை மக்களும் கூடும் திருவிழா உண்டு. 1974-ஆம் ஆண்டு உடன்படிக்கை தீவை இலங்கையின் பக்கம் வைத்தது. ஆனால் ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில் மீன்பிடிப்பதை விலக்கியது 1976-இல் பரிமாறிய கடிதங்கள். தீவை மட்டும் வரையும் படம் முதலாண்டைக் காட்டி இரண்டாமாண்டை மறைக்கிறது. அடுத்தமுறை அத்தகைய படம் கண்ணில் படும்போது, தலைவர்களின் முகங்களை விரலால் மறைத்துவிட்டு, அதில் கடல் எவ்வளவு வரையப்பட்டிருக்கிறது, அக்கடலில் படகு உண்டா, உண்டாயின் எந்தக் கரைப் படகு என்று பாருங்கள். வரும் வாரம் சித்திரக்காரர் சங்கர் வரைந்த நேரு படங்களை இம்முறையிலேயே ஆராய்வோம்.

(தொடரும்)